மணி அடிக்குமுன் எழுதும் தீர்ப்பு

மோதல் நாளைதான். முடிவோ இன்றே கூறப்பட்டுவிடுகிறது! தேநீர்க் கடையிலே கூறுகிறார்கள். முடி திருத்தகத்திலே கூறுகிறார்கள். ஆலைச் சங்கு ஊதியதும் வாயிலுக்கு வெளியே நின்று கூறுகிறார்கள். "அவன் மலை, இவன் மடு" என்கிறான் ஒருவன். "மலை சரிந்ததே இல்லையா?" என்கிறான் மற்றொருவன். காலையிலே மலையின் பக்கம் நின்றவன், மாலையிலே மடுவின் பக்கம் வந்துவிடுகிறான். இடையிலே நடந்தது என்ன? இரு வீரர்களும் ஒரு குத்தும் விடவில்லை; மேடையும் கட்டி முடியவில்லை. கருத்து மட்டும் கரணம் போட்டிருக்கிறது!

இதனை வெறும் விளையாட்டுப் பேச்சென்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதனின் ஆற்றலை, அவன் அதைக் காட்டுமுன்பே, எதைக் கொண்டு அளக்கிறோம்? பிறப்பைக் கொண்டா? உருவத்தைக் கொண்டா? நேற்றைய வெற்றியைக் கொண்டா? நாலு பேர் நாவைக் கொண்டா? கண்ணால் கண்டு, கருத்தால் ஆய்ந்து அளக்கிறோமா? இந்தக் கேள்வி குத்துச்சண்டை மேடையின் கயிற்றோடு நின்றுவிடுவதில்லை. பள்ளி வாயிலிலும், ஆலை அலுவலகத்திலும், வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதே கேள்விதான் நிற்கிறது. ஆகவேதான், வடசென்னையின் குத்துச்சண்டையைத் திரைக்குக் கொண்டுவந்த 'சார்பட்டா பரம்பரை' என்னும் படத்தை இந்த ஒரு கண் கொண்டு பார்க்க விழைகிறேன்.

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், திரையரங்குகளுக்குச் செல்லாமல் அமேசான் பிரைம் வழியாக வீடுகளுக்கே வந்த படம் அது. இயக்கியவர் பா. இரஞ்சித், அவருடன் இணைந்து எழுதியவர் தமிழ்ப் பிரபா. கதை 1970களின் நடுப்பகுதியிலே, நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையிலே நடக்கிறது. சார்பட்டா, இடியாப்பா என இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள். தோல்விகளால் துவண்டு நிற்கிறது சார்பட்டா. அதன் ஆசான் ரங்கன் வாத்தியார், எதிரணியினரின் ஏளனம் பொறாமல், பரம்பரையின் மானத்தையே பணயமாக வைத்துச் சவால் விடுகிறார். எதிரே நிற்பவன் வேம்புலி, இடியாப்பாவின் இடி!

இந்தக் கதைக்கு நிலம் கொடுத்த ஊர் கற்பனை ஊரன்று. 1856இல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் இராயபுரத்திலே இன்றும் நிற்கிறது. 1918இல் பெரம்பூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர் திரண்டுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. துறைமுகமும் ஆலையும், திருவொற்றியூரின் தொழிற்கூடங்களும், எண்ணூரின் புகைபோக்கிகளும் உழைப்பாளியைத் தலைக்கணக்கிலே எண்ணின. பகலெல்லாம் அவன் ஓர் எண்! மாலையிலே கையுறை மாட்டி மேடை ஏறினால்தான் அவனுக்கு ஒரு பெயர்; அந்தப் பெயருக்கு ஓர் ஆரவாரம். வெள்ளையரிடமிருந்து வந்த ஆட்டத்தை 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர் இம்மக்கள். 'ரோசமான' என்ற அடைமொழியை நோக்குக! ஆட்டத்திற்கு விதி தந்தவன் ஆங்கிலேயன். ரோசம் தந்தவன் நம் தொழிலாளி. நாட் டெரி என்ற வெள்ளை வீரரை வீழ்த்தியவர் கித்தேரி முத்து என்று வடசென்னையின் வாய்மொழி வரலாறு இன்றும் பெருமையோடு பேசுகிறது. அரங்கத்துக்கு வெளியே நிமிர்ந்து பார்க்கவும் தயங்க வேண்டியிருந்தவனை, அரங்கத்துள்ளே சமமாக நின்று சந்திக்க முடிந்தது. மேடைக்கு இத்தனை மதிப்பு ஏன் வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ?

இனிப் படத்திற்கு வருவோம்.

கதைத் தலைவன் கபிலன் ஓர் உழைப்பாளி. சிறு பருவம் முதல் சண்டை நடக்கும் இடமெல்லாம் சென்று கண் கொட்டாமல் பார்த்தவன். மேடை ஏறக் கூடாதென்பது தாயின் கட்டளை. ஆகவே, அவனைப் பற்றி ஊரிலே கருத்தே கிடையாது! நல்ல கருத்தும் இல்லை, கெட்ட கருத்தும் இல்லை. வேடிக்கை பார்க்கிறவன் என்பதோடு சரி. ஆனால் அவன் பார்வை பயிற்சியாகப் பழுத்திருந்தது என்பதை, ரங்கன் வாத்தியார் உட்பட எவரும் அறியவில்லை. தொலைவிலே நின்று பார்த்தே வில் கற்ற ஏகலைவனை நம் நாடு அறியும். கற்றதற்குக் கட்டணமாகக் கட்டைவிரலைக் கேட்ட குருவையும் அறியும். இங்கே, பார்த்தே கற்றவனிடம் விரலைக் கேட்காமல், அந்த விரல்களை மூடிக் கையுறை மாட்டிவிடுகிறார் ஒரு வாத்தியார். பழங்கதையைப் பெயர் சொல்லாமலே திருத்தி எழுதியிருக்கிறார் இயக்குநர். பாராட்டத்தான் வேண்டும்.

பரம்பரை என்ற சொல்லையே தலைப்பாகக் கொண்ட படம், பரம்பரை என்ற எண்ணத்தைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. ரங்கன் வாத்தியாருக்கு ஒரு மகன், பெயர் வெற்றிச்செல்வன். அவனும் குத்துச்சண்டையன்தான். தந்தையின் இடம் தனையனுக்கு என்பதுதானே நாட்டு வழக்கம்! வாத்தியாரோ மகனை விலக்கி ராமனைத் தேர்கிறார். பிறகு ராமனையும் விலக்கிக் கபிலனைத் தேர்கிறார். இரண்டு முறையும் அவர் பார்த்தது கையையும் காலையும், கருவறையை அன்று. மகனுக்கு மனக்கசப்பு. ராமனின் உறவினனான தணிகைக்கோ வெறி! கபிலனின் குடும்பத்தையும் பிறப்பையும் பழித்துப் பேசுகிறான் அவன். "நம் நிழலில் நின்றவன் நம்மை மிஞ்சுவதா?" என்பதுதான் அவன் பேச்சின் பொருள். மோதலுக்கு முன்னே கபிலனைப் பற்றித் தணிகை கொண்ட கருத்து, மோதலுக்குப் பின்னும் மாறவில்லை. சான்று வந்தும் மாறாத கருத்துக்குப் பெயர் கருத்தா? சாதி என்பதே அதன் பெயர்!

ஊர் மக்களின் கருத்தோ அப்படியன்று. அது மாறுகிறது, மளமளவென்று மாறுகிறது. டான்சிங் ரோஸ் என்பவனுடன் கபிலன் மோதும் கட்டம்தான் படத்தின் சிகரம். நடந்து வருவதே நாட்டியம்; நிற்பதே கேலி; விலகுவதே வித்தை. முதலில் கபிலனின் குத்துகள் காற்றையே குத்துகின்றன. "தொலைந்தான் பையன்" என்கிறது கூட்டம். கபிலன் என்ன செய்கிறான்? கடவுளை வேண்டினானா? கண்ணை மூடி வீசினானா? இல்லை, பார்க்கிறான். எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு வருகிறது, எப்பொழுது உடல் முன்னே சாய்கிறது என்று கணக்கெடுக்கிறான். கணக்குப் புரிந்ததும் கை பேசுகிறது, ரோஸ் வீழ்கிறான். கூட்டத்தின் கருத்து ஒரு நொடியிலே தலைகீழாகிறது. ஆனால் அந்த நொடிக்கு முன்னே நிகழ்ந்த ஆராய்ச்சி முழுவதையும் இயக்குநர் நமக்குக் காட்டியிருக்கிறார். வெற்றிக்கான காரணம் நம் கண்முன்னே விளைகிறது. பகுத்தறிவுக்கு இதைவிட நல்ல பாடம் திரையிலே அடிக்கடி கிடைப்பதில்லை.

ரங்கனும் ரோஸும் கற்பனை. ஆனால் இதே நாடகம் உலக மேடையிலே உண்மையாகவே நடந்திருக்கிறது. ஹெவிவெயிட் எனப்படும் பேரெடைப் பிரிவிலேதான் இது மிகுதி. அங்கே ஒரே குத்து ஆட்டத்தை முடித்துவிடும். ஆகவே அச்சமும் பெரிது, ஆரூடமும் பெரிது.

1964 பிப்ரவரி 25. மியாமி கடற்கரையிலே உலகப் பட்டத்துக்கான போட்டி. பட்டம் வைத்திருந்தவர் சோனி லிஸ்டன். பாட்டர்சனை இருமுறையும் முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர். எதிர்த்து வந்தவர் 22 வயது காசியஸ் கிளே. ஒன்றுக்கு ஏழு என்று லிஸ்டன் பக்கம் பந்தயம் சாய்ந்தது. கருத்துக் கேட்கப்பட்ட 46 விளையாட்டு எழுத்தாளருள் 43 பேர் லிஸ்டனே வெல்வார் என்றனர். ராபர்ட் லிப்ஸைட் என்ற இளம் நிருபரை அனுப்பிய நியூயார்க் டைம்ஸ் இதழ், அரங்கிலிருந்து மருத்துவமனைக்கு வழி தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்லியனுப்பியதாம். கிளே அங்கேதானே போய்ச் சேருவார் என்ற துணிவு! நடந்தது என்ன? ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. 43 பேனாக்களும் தலைகுனிந்தன.

அந்தக் கிளேதான் முகமது அலி. 1980இல் சென்னைக்கும் வந்து, நேரு விளையாட்டரங்கிலே ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிச் சென்றார். வடசென்னைச் சுவர்களிலே அவர் படம் இடம்பெற்றதில் வியப்பில்லை.

அலியின் வாழ்விலேயே இன்னொரு பாடமும் உண்டு. 1971இல் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973இல் கென் நார்ட்டன் அலியை வென்றார். அந்த ஃபிரேசியரையும் நார்ட்டனையும் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டிரண்டு சுற்றுகளிலே சாய்த்தார். ஆகவே ஃபோர்மன் அலியைச் சாய்ப்பது உறுதி! அடடா, எவ்வளவு அழகான கணக்கு! 'அ' பெரிது 'ஆ'வைவிட. 'ஆ' பெரிது 'இ'யைவிட. ஆகவே 'அ' பெரிது 'இ'யைவிட என்று பள்ளியிலே நாம் கற்றுத்தருவதும் இதைத்தான். எண்களுக்குப் பொருந்தும் இவ்விதி மனிதருக்குப் பொருந்துமோ? 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசா நகரிலே, 32 வயது அலி கயிற்றிலே சாய்ந்து நின்று, 25 வயது ஃபோர்மனை ஓங்கி ஓங்கிக் குத்தவிட்டு, அவர் களைத்தபின் எட்டாம் சுற்றிலே வீழ்த்தினார். ஃபோர்மனின் வலிமை பொய்யன்று. அவ்வலிமை எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்று கேட்டவர்தான் குறைவு.

அப்படியானால் முன்கூட்டிக் கருத்துரைப்பதே தவறோ? அன்று. 1936இல் தோல்வியே அறியாத ஜோ லூயியை எதிர்க்க ஜெர்மனியிலிருந்து மாக்ஸ் ஷ்மெலிங் வந்தபோது, அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. அவரோ லூயியின் சண்டைகளைப் பார்த்து ஒன்றைக் கண்டறிந்திருந்தார்: இடக்கைக் குத்தை விட்டபின் லூயி அந்தக் கையைத் தாழ்த்தியே திரும்ப இழுக்கிறார், அப்போது முகத்துக்குக் காவல் இல்லை. அந்த இடைவெளியிலே தம் வலக்கையை மீண்டும் மீண்டும் செலுத்தி, 12ஆம் சுற்றிலே லூயியை வீழ்த்தினார். உலகம் லூயியின் உருவத்தையும் புகழையும் பார்த்தது. ஷ்மெலிங் அவர் இடக்கையைப் பார்த்தார். அதோடு கதை முடிந்ததா? குறையை உணர்ந்து திருத்திக்கொண்ட லூயி, 1938இல் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்தார். நேற்றைய சான்று நாளைக்குச் சாசனம் ஆகாது. புதிய உண்மை வந்தால் பழைய முடிவு விலக வேண்டும் என்பதற்கு இந்த இரு போட்டிகளே போதும்.

இவை நேர்மையான பிழைகள். நேர்மையற்ற பிழையும் உண்டு. 1908இல் கறுப்பினத்து ஜாக் ஜான்சன் உலகப் பேரெடைப் பட்டத்தை வென்றதும் வெள்ளை அமெரிக்கா கொதித்தது. ஓய்வு பெற்றுப் பண்ணையிலே இருந்த ஜெஃப்ரீஸை, 'வந்து இனமானம் காப்பாய்' என்று இழுத்து வந்தார்கள். அழைத்தவர்களுள் ஜாக் லண்டன் போன்ற பெரும் எழுத்தாளரும் ஒருவர்! ஆறு ஆண்டுகளாக மேடை ஏறாதவர் வெல்வார் என்று நம்பியதற்குச் சான்று என்ன? தோலின் நிறம்! 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரிலே 15ஆம் சுற்றில் ஜெஃப்ரீஸ் வீழ்ந்தார். அன்றிரவே பல ஊர்களில் கலவரம்; கறுப்பு மக்கள் தாக்கப்பட்டனர்; உயிர்களும் போயின. கருத்து பொய்த்தபோது கருத்தைத் திருத்திக்கொள்ளாமல், மெய்ப்பித்தவனின் மக்களையே அடித்தார்கள்.

ரீனோவின் அந்த இரவை நினைத்துக்கொண்டு படத்திலே வேம்புலியுடன் கபிலன் மோதும் முதல் போட்டியைப் பாருங்கள். வேம்புலி தள்ளாடுகிறான். இன்னும் சில நொடிகளில் உண்மை நிலைநாட்டப்பட்டுவிடும். அந்த நொடியிலேதான் தணிகையின் ஆட்கள் மேடையிலே பாய்கின்றனர், கலவரம் மூட்டுகின்றனர், கபிலனை ஆடை களைந்து அவமானப்படுத்துகின்றனர். சான்று முழுமை பெற்றால் தங்கள் நம்பிக்கை சாயும் என்றறிந்தவர்கள், சான்று எழும் மேடையையே சாய்க்கிறார்கள். அதே வேளையிலே, 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தியும், ரங்கன் வாத்தியாரின் கைதும் வருகின்றன. மக்கள் அளித்த தீர்ப்பு டில்லியிலே கலைக்கப்படுகிறது. மேடையிலே விளைய இருந்த தீர்ப்பு தெருவிலே கலைக்கப்படுகிறது. இரண்டையும் ஓர் இரவிலே இணைத்தது படத்தின் பெருமை.

இதுவரை புகழ்ந்தேன். இனிக் குறை சொல்லாவிடில் இது திறனாய்வாகாது, தோரணமாகிவிடும்.

பின்பாதியிலே கபிலன் வீழ்கிறான். சிறை, சாராயம், பருத்த உடல், பாழான பெயர். ஊரின் கருத்து மீண்டும் மாறுகிறது; இம்முறை மாறியதிலே நியாயமும் இருக்கிறது. மூச்சு வாங்குகிறவன் முடியாதவன்தானே! அவனை மீட்க வருகிறார் பீடி ராயப்பன். கடலோரத்திலே பயிற்சி, இசை, ஓட்டம், வியர்வை. பாட்டு முடிகிறது, பழைய கபிலன் பிறந்துவிடுகிறான். எங்ஙனம்? எத்தனை மாதத்திலே? முதல் போட்டிக்குப் பின் வேம்புலியிடம் புதிதாக எந்தக் குறையைக் கண்டான்? எந்தக் காவல் தாழ்ந்தது? எந்தக் கால் பின்னியது? ரோஸுடன் மோதியபோது நமக்கு விளக்கப்பட்டது இங்கே விளக்கப்படவில்லை. முன்பாதியிலே 'பார், ஆய்ந்து நம்பு' என்ற படம், பின்பாதியிலே 'நாயகன் அல்லவா, நம்பிவிடு' என்கிறது. முதலில் கையிலே சான்றைக் கொடுத்தவர் பிறகு கையிலே விபூதியைக் கொடுத்தது போலாகிவிட்டது! கபிலன் வெல்லக் கூடாதென்று நான் சொல்லவில்லை. வெல்ல வேண்டும், வென்ற வழியும் விளங்க வேண்டும். ஒடுக்கப்பட்டவனின் வெற்றி அற்புதமாகக் காட்டப்பட்டால், அது ஒருவனுக்கு நேர்ந்த அற்புதமாகவே நின்றுவிடும். உழைப்பாகவும் உத்தியாகவும் காட்டப்பட்டால்தான் ஊருக்கே வழியாகும்.

இரண்டாவது குறை, வேம்புலிக்கு இழைக்கப்பட்ட அநீதி. அவன் யார்? எந்த ஆலையிலே உழைக்கிறான்? அவன் தாய் என்ன சொல்கிறாள்? தெரியாது. தசையும் முறைப்புமாகவே நிற்கிறான். எதிரியின் மனத்தைக் காட்டாத இடத்திலே, எதிரியைப் பற்றிய நம் கருத்து எப்படி வளரும்? சோனி லிஸ்டனையும் உலகம் முரடரென்றே முத்திரை குத்தியது. வறுமையிலே பிறந்து சிறையிலே குத்துச்சண்டை கற்ற மனிதரை அந்த முத்திரை மறைத்தது. உருவத்தைக் கண்டு முடிவு கட்டாதே என்று கபிலனுக்காக வாதாடும் படம், வேம்புலிக்காகவும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இதிலே வேடிக்கை என்னவெனில், தோற்றுப்போன டான்சிங் ரோஸைத்தான் பார்த்தவர்கள் பெரிதும் கொண்டாடினார்கள். ஷபீர் கல்லரக்கல் காட்டிய நேர்த்திக்குக் கிடைத்த பரிசு அது. வெற்றி தோல்வியைத் தாண்டித் திறமையை மதிக்க மக்களுக்குத் தெரியும் என்பதற்கும் அதுவே சான்று.

மூன்றாவதாக ஒன்று, குறையென்று சொல்லாமல் கேள்வியென்றே வைக்கிறேன். மோதலுக்கு முன்னே எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறார்களே, பெண்களிடம் கேட்டார்களா? கபிலனின் தாய் பாக்கியம் ஒருத்திதான் தொடக்க முதல் மாறாத கருத்துடன் நிற்கிறாள். அது மூடநம்பிக்கையன்று. கணவன் மேடையிலே புகழ் பெற்று, பின்னே அடியாளாகி, உயிரிழந்ததைக் கண்டவள் அவள். மேடைப் புகழ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவளிடம் இருந்த சான்று வேறு எவரிடமும் இல்லை. கபிலன் வீழ்ந்தபோது அவள் அஞ்சியதே நடந்தது. மனைவி மாரியம்மாளும் வாய்மூடி நிற்கும் பதுமையல்லள். சினக்கிறாள், கேட்கிறாள், தன் பசியையும் தன் உரிமையையும் கணவன் முன்னே வைக்கிறாள். இவ்விருவரையும் இவ்வளவு உயிரோடு படைத்தவர்கள், 'யார் வெல்வார்?' என்று ஊர் கேட்கும்போது, 'வென்றால் யாருக்கு என்ன கிடைக்கும்?' என்று இவர்கள் கேட்பதையும் அரங்கத்துக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்.

நான் பள்ளி ஆசிரியன். வகுப்பிலே ஆண்டுதோறும் ஜூன் மாதத்திலே ஒரு குத்துச்சண்டை நடக்கிறது. புது மாணவர்கள் வருவதற்கு முன்பே, 'இவன் தேறுவான், அவன் தேறான்' என்ற ஆரூடங்கள் ஆசிரியர் அறைக்கு வந்துவிடுகின்றன. எதைக் கண்டு? அண்ணன் பெற்ற மதிப்பெண், அப்பன் செய்யும் தொழில், குடியிருக்கும் தெரு, கூறாமல் கூறப்படும் சாதி. துறைமுகத்துக் கூலியின் மகன் கணக்கிலே நூறு வாங்கினால் 'வியப்பு' என்கிறார்கள். அதிகாரியின் மகன் வாங்கினால் 'எதிர்பார்த்ததுதான்' என்கிறார்கள். ஒரே நூறுக்கு இரண்டு விலை! வியப்பு என்ற அந்தச் சொல்லுக்குள்ளே, அவனால் முடியாது என்று முன்பே எழுதிவைத்த தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

எனவே, இளந்தோழர்களே, கருத்தை மாற்றிக்கொள்வதிலே இழிவு இல்லை. காற்றுக்கு மாறினால் அது கொடி. சான்றுக்கு மாறினால் அது அறிவு. அடுத்த முறை தெருமுனையிலே இருவரைப் பற்றி எவரேனும் ஆரூடம் கூறினால், "ஏன்?" என்று கேளுங்கள். "அவன் குடும்பம் அப்படி" என்று விடை வந்தால், அங்கேயே மறுத்து நில்லுங்கள். "அவன் இடக்கை தாழ்கிறது, நான் பார்த்தேன்" என்று விடை வந்தால், அருகிலே அமர்ந்து கேளுங்கள். 'சார்பட்டா பரம்பரை'யையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ரோஸ் வீழும் கட்டத்திலே கை தட்டுங்கள். கடைசிச் சண்டையிலே கபிலன் கை உயரும்போது, கை தட்டுமுன் 'எப்படி வென்றான்?' என்று கேளுங்கள்.